கிறிஸ்தவரும் தற்காப்பும்: சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், தருமபுரி வட்டாரச் சபைகளில் வேதபாட வகுப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும், வீட்டு ஜெபம் முடிந்து காபி குடிக்கும் நேரத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை வைத்திருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டவை. சபைகள் ஒத்துப்போகாத இடங்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதையும், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இயேசு மறு கன்னத்தைக் காட்டச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் யார் அடித்தாலும் வாங்கிக்கொண்டு நிற்கத்தான் வேண்டுமா?

"ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு" (மத்தேயு 5:39) என்ற வசனத்தை அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முந்தின வசனம் "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்ற நியாயப்பிரமாணத்தை நினைவூட்டுகிறது. அடுத்த வசனங்கள் வஸ்திரத்துக்காக வழக்காடுகிறவனையும், ஒரு மைல் தூரம் வரும்படி பலவந்தம் பண்ணுகிறவனையும் பற்றிப் பேசுகின்றன; ரோமப் படைவீரர்கள் வழியில் போகிறவரைப் பிடித்துச் சுமை தூக்க வைப்பது அக்காலத்து வழக்கம். அவமானம், வழக்கு, கட்டாய வேலை ஆகிய இம்மூன்றும் எனக்கு இழைக்கப்படும் தீங்குகள். அவற்றுக்குப் பழிவாங்காதே, கணக்குத் தீர்க்கப் பார்க்காதே என்பது இந்தப் பகுதியின் கட்டளை. எந்த விளக்கத்தைக் கொண்டும் அதை மழுப்பக் கூடாது.

இயேசுவே அறை வாங்கிய ஒரு சந்தர்ப்பம் சுவிசேஷத்தில் உண்டு. பிரதான ஆசாரியன் அவரை விசாரித்தபோது சேவகன் ஒருவன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருந்துவிடவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" (யோவான் 18:23) என்று கேட்டார். அடித்தவனிடம் நியாயம் கேட்பது மறு கன்னக் கட்டளைக்கு விரோதமானதாக இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கமாட்டார். பின்வரும் பல பதில்களுக்கு அடிப்படையான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருப்பிக் கொடுக்கும்படி சொல்லப்பட்டது என் கன்னத்தை. அடுத்தவர் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் தரப்படவில்லை.

பத்துக் கட்டளையில் "கொலை செய்யாதிருப்பாயாக" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டதே, அதற்கு மேல் என்ன பேச்சு?

அந்த வரி யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதே நியாயப்பிரமாணம் 21, 22ஆம் அதிகாரங்களில், வஞ்சகமாகத் திட்டமிட்டுக் கொன்றவனையும், எண்ணாமல் கை நேர்ந்தவனையும், வீட்டுக்குள் புகுந்த திருடனை அடித்தவனையும் தனித்தனியாக நிறுத்தி வெவ்வேறு தீர்ப்புச் சொல்கிறது. கைப்பிசகாகக் கொன்றவன் ஓடி ஒதுங்குவதற்கு அடைக்கலப்பட்டணங்களையே ஏற்படுத்துகிறது (எண்ணாகமம் 35). ஆகவே ஒரு மனித உயிர் போகும் ஒவ்வொரு நிகழ்வையும் மோசேயின் பிரமாணம் ஒரே குற்றமாகக் கருதவில்லை.

ஆனால் இயேசு இந்தக் கட்டளையை எந்தத் திசையில் கொண்டுபோனார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் விதிவிலக்குகளைப் பெருக்கவில்லை. தன் சகோதரனை நியாயமில்லாமல் கோபித்துக்கொள்ளுகிறவனும் தீர்ப்புக்கு ஏதுவாவான் என்று கட்டளையை உள்ளத்துக்குள் நீட்டினார் (மத்தேயு 5:22). அமைதிவாதிகள், அதாவது எந்த நிலையிலும் கொல்வதற்குக் கிறிஸ்தவருக்கு அனுமதி இல்லை என்கிறவர்கள், ஊன்றி நிற்பது இந்த இடத்தில்தான்.

ராத்திரி வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டால் அடிக்கலாமா, கூடாதா?

"திருடன் கன்னமிடுகையில் கண்டுபிடிக்கப்பட்டு, அடிக்கப்பட்டுச் செத்தால், அவன் நிமித்தம் இரத்தப்பழி சுமராது" என்கிறது யாத்திராகமம் 22:2. (கன்னமிடுவது என்றால் சுவரைத் துளைத்து வீட்டுக்குள் புகுவது.) அடுத்த வசனமோ, சூரியன் உதித்தபின் அப்படி நடந்தால் இரத்தப்பழி சுமரும் என்கிறது. இருட்டில் வந்தவன் எதற்கு வந்தான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. விடிந்தபின் ஆளை அடையாளம் காணலாம், அண்டை வீட்டாரைக் கூப்பிடலாம். அதன் பிறகும் கொன்றால் பொருளுக்காக உயிரை எடுத்ததாகிவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைப் போட்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. சூரிய அஸ்தமனத்துக்குப் பின்பும் உதயத்துக்கு முன்பும் வீட்டை உடைத்துப் புகுவதை 41ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிட்டு, அப்போது தற்காப்பு எதிரியின் உயிர்வரை போகலாம் என்கிறது. அந்த உரிமையும் 37ஆம் பிரிவுக்கு உட்பட்டதுதான்: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது.

எனவே பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப்போய் வெட்டுவதும், பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே அடிப்பதும் தற்காப்பில் சேராது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர்மக்கள் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இயேசுவே வஸ்திரத்தை விற்றுப் பட்டயம் வாங்கச் சொன்னாரே?

லூக்கா 22:36 அப்படித்தான் சொல்கிறது. சீஷர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்ட, அவர் "போதும்" என்கிறார். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தப் போருக்கும் போதாது. சில மணி நேரத்துக்குள் அந்த இரண்டில் ஒன்று மல்குஸ் என்ற வேலைக்காரனின் காதை வெட்டியபோது, இயேசு அதைத் தடுத்துக் காதைச் சுகப்படுத்தினார். "பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்" (மத்தேயு 26:52) என்ற வார்த்தையும் அந்த இரவில் சொல்லப்பட்டதுதான். அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டார் என்ற தீர்க்கதரிசனம் நிறைவேறவே பட்டயம் பற்றிச் சொன்னார் என்று அமைதிவாதிகள் 37ஆம் வசனத்தைக் காட்டுகிறார்கள். வழிப்பயணத்தில் கள்ளரிடமிருந்து காத்துக்கொள்ள ஒரு பட்டயம் வைத்திருப்பதை அவர் குற்றமாக எண்ணவில்லை என்பது மற்றவர்களின் வாசிப்பு.

இரண்டு வாசிப்புகளுக்கும் இடமுண்டு. ஆனால் இதே இரண்டு பட்டயங்களைக் காட்டி, ஆவிக்குரிய அதிகாரமும் உலக அதிகாரமும் திருச்சபையின் கையில் இருக்கின்றன என்று போப்பாண்டவர் எட்டாம் போனிபாஸ் 1302இல் ஆணை வெளியிட்டார். ஒரு வசனத்தின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

தேவாலயத்தில் சவுக்கை எடுத்து அடித்துத் துரத்தினாரே, அது வன்முறை இல்லையா?

கயிற்றால் சவுக்கு உண்டாக்கி ஆடுமாடுகளோடு வியாபாரிகளைத் துரத்தினார், காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார் (யோவான் 2:15). பலவந்தம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒருவரும் காயப்பட்டதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. ஒரு மனிதரை அடிப்பதற்கு இந்தப் பகுதியை ஆதாரமாகக் காட்டுகிறவர் தன் கோபத்துக்கு வசனம் தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றும்.

ஆதிச் சபையார் யாரும் பட்டாளத்தில் சேரவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஆதிச் சபையின் எழுத்தாளர்களில் ஒருவரான கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், பேதுருவின் கையிலிருந்த பட்டயத்தை வாங்கியதன் மூலம் ஆண்டவர் ஒவ்வொரு போர்வீரனின் இடைவாரையும் அவிழ்த்துவிட்டார் என்று எழுதினார். அக்காலத்து இன்னொரு போதகரான ஓரிகன், கிறிஸ்தவர்கள் இராயனுக்காக, அதாவது ரோமப் பேரரசருக்காக, ஜெபத்தால் போராடுகிறார்களே தவிர ஆயுதத்தால் அல்ல என்று வாதிட்டார். மாக்ஸிமிலியன் என்ற வாலிபன், நான் கிறிஸ்தவன், படையில் சேரமாட்டேன் என்று மறுத்து 295இல் வட ஆப்பிரிக்காவில் தலையிழந்தான். ஆனால் தங்கள் ஆட்கள் படை முகாம்களிலும் இருக்கிறார்கள் என்று சொன்னவரும் அதே தெர்த்துல்லியன்தான். போதகர்கள் மறுத்தார்கள், சபையாரில் சிலர் சேவை செய்தார்கள் என்பதுதான் படம். அன்றைய படையில் விக்கிரக வழிபாடு கலந்திருந்ததும் மறுப்புக்கு ஒரு காரணம்.

ரோமப் பேரரசில் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கிடைத்த 313க்குப் பிறகு நிலைமை மாறியது. இராயனே கிறிஸ்தவனான பின், எல்லையைக் காக்கும் பொறுப்பும் கிறிஸ்தவர்களுடையதாயிற்று. ஹிப்போவின் ஆயரான அகுஸ்தீன் இங்கே ஒரு வித்தியாசமான கோட்டைப் போட்டார்: தனி மனிதன் தன் உயிரைக் காப்பாற்றப் பிறனைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை, அதிகாரம் பெற்றவன் பிறரைக் காக்கப் போரிடுவதை ஏற்றார்.

நம்ம ஊர்ச் சபைகளில் எது என்ன சொல்கிறது?

கிருஷ்ணகிரி லுத்தரன் ஊழியத்துக்குப் பழைய ஊர். அமெரிக்க மிசௌரி லுத்தரன் சபையின் முதல் மிஷனரிகள் இங்கே பணி தொடங்கியது 1895இல். லுத்தரன் சபைகள் ஏற்றுக்கொள்ளும் 1530ஆம் ஆண்டு அக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவு, கிறிஸ்தவர் நீதிபதியாகவும் போர்வீரராகவும் இருக்கலாம் என்கிறது. தென்னிந்தியத் திருச்சபைக்கு மூலமான சபைகளுள் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரிவுகளில் 37ஆவதும் இதையே சொல்கிறது. சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர்களுக்கு, அவர்களுடைய மறைக்கல்வி நூலின் 2265ஆம் பத்தி இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குப் பாதுகாப்பது உரிமை மட்டுமன்றி, பாரமான கடமையும் ஆகும்.

பெந்தெகொஸ்தே சபையாருக்குத் தங்கள் வரலாறே பல நேரம் தெரிவதில்லை. அமெரிக்க அசெம்பிளிஸ் ஆப் காட் சபை 1917இல் போரில் உயிர்களை அழிப்பதில் பங்குகொள்ள இயலாது என்று அறிவித்து, 1967இல்தான் அதை ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் விட்டது. மென்னோனைட், குவேக்கர் சபைகள் இன்றுவரை அமைதிவாதத்தில் நிற்கின்றன. அவர்களுடைய சபைகள் நம் மாவட்டங்களில் இல்லாததால், நாம் அவர்களைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

என் மகன் மிலிட்டரியில் இருக்கிறான். அவன் செய்வது பாவமா, ஐயா?

யோவான்ஸ்நானனிடம் போர்ச்சேவகர்கள் இதே கேள்வியுடன் வந்தபோது, வேலையை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. "நீங்கள் ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" (லூக்கா 3:14) என்றார். நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்லும் அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரமும், அவர் பதவியை விட்டதாகச் சொல்லவில்லை. மார்ட்டின் லுத்தர் 1526இல் போர்வீரரின் மனச்சாட்சியைப் பற்றி எழுதிய சிறுநூலில் அந்தத் தொழிலை ஆதரித்தார். அரசன் தொடுக்கும் போர் அநியாயமானது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மனிதனுக்குக் கீழ்ப்படியாமல் தேவனுக்குக் கீழ்ப்படி என்றும் அதே நூலில் எழுதினார். நம் நாட்டில் கட்டாயப் படைச்சேவை கிடையாது. ஆகவே உங்கள் மகன் இதைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறார், அதனால் மனச்சாட்சியின் கேள்வியும் அவருடையதே. உங்கள் ஜெபத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவல்துறையில் இருக்கும் சபையாரும் இதைக் கேட்பதுண்டு. அதிகாரி "பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை" (ரோமர் 13:4) என்பது சட்டப்படி நடக்கும் அதிகாரத்தைப் பற்றியது. ஸ்டேஷனில் உட்கார வைத்து அடிப்பதற்கு அந்த வசனத்தில் இடமில்லை. யோவான்ஸ்நானன் சொன்ன இடுக்கண்ணும் பொய்க் குற்றச்சாட்டும் அதற்குத்தான் பொருந்தும்.

நியாயமான போர் என்று ஒன்று உண்டா?

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினா என்ற இறையியலாளர் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: முறையான அதிகாரத்தின் ஆணை, நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். பிற்காலத்தார் கடைசி வழியாக இருக்க வேண்டும், தடுக்க நினைக்கும் தீமையைவிடப் பெரிய தீமை விளையக் கூடாது என்பவற்றைச் சேர்த்தார்கள். போப் பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட சுற்றுமடலில், இன்றைய ஆயுதங்களின் அழிவாற்றலைப் பார்க்கும்போது நியாயமான போர் என்று பேசுவதே மிகவும் கடினம் என்று எழுதினார். போருக்குப் போகும் எந்த அரசும் தன் போர் அநியாயமானது என்று சொன்னதில்லை. இந்த நிபந்தனைகள் அரசைத் தடுத்ததைவிட, குடிமக்கள் கேள்வி கேட்கவே அதிகம் பயன்பட்டிருக்கின்றன என்பது என் கணிப்பு.

உண்மையைச் சொல்லுங்கள், அமைதிவாதம் என்பது பயந்தாங்கொள்ளிகள் பேசும் பேச்சுதானே?

டிர்க் வில்லெம்ஸ் என்ற டச்சுக்காரரின் கதையைச் சொல்கிறேன். அவர் அனாபாப்டிஸ்ட், மென்னோனைட் சபையாரின் முன்னோர்களில் ஒருவர். மறுஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர், துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி ஜன்னல் வழியே இறங்கி, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடித் தப்பினார். சிறையில் காய்ந்து மெலிந்திருந்த அவரை அந்த மெல்லிய பனிக்கட்டி தாங்கியது. துரத்தி வந்த காவலனைத் தாங்கவில்லை. காவலன் உள்ளே விழுந்து அலறினான். டிர்க் திரும்பி வந்து அவனை இழுத்துக் கரை சேர்த்தார். மேலதிகாரியின் உத்தரவுப்படி அங்கேயே கைது செய்யப்பட்டு, 1569 மே மாதம் ஆஸ்பெரன் ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார். பயந்தவர் செய்யும் காரியம் இது இல்லை. அவர் ஓடித் தப்ப முயன்றதையும் கவனியுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடுங்கள் என்று சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23).

அனாபாப்டிஸ்டுகளில் வேறு விதமாகப் போனவர்களும் உண்டு. 1527இல் அவர்களில் ஒரு பிரிவாரின் ஷ்லைத்தைம் அறிக்கை பட்டயத்தை விலக்கியது; 1534இல் மியூன்ஸ்டர் நகரத்தை ஆயுதபாணியாய்ப் பிடித்த இன்னொரு கூட்டம் அடுத்த ஆண்டு இரத்தத்தில் முடிந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956 ஜனவரி 30 அன்று குண்டு வெடித்தபோது, ஆயுதங்களோடு திரண்ட ஆதரவாளர்களை அவர் வீட்டுக்குத் திரும்ப அனுப்பினார். அப்போது அவர் வீட்டிலேயே துப்பாக்கி இருந்தது. பிறகுதான் அதைக் கைவிட்டார். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1930இல் வேதாரணியத்துக்கு உப்பு எடுக்கத் தொண்டர்களை நடத்திச் சென்றதை நம் பகுதியார் பெருமையாகச் சொல்வோம். அடி வாங்குவதற்கென்றே தயாராகிப் போனவர்களை யாரும் கோழைகள் என்று சொன்னதில்லை.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுத்துக்கோ, மறு கன்னத்தைக் காட்டு, ஜெபி" என்கிறார்கள். எவ்வளவு நாள்?

ஒரு நாளும் வேண்டாம். முதல் பதிலின் கடைசி வரிகள் இதற்காகத்தான் எழுதப்பட்டன. அடி வாங்காத ஒருவர், அடி வாங்குகிறவரின் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது வேதத்தில் எங்கும் இல்லை. பேதுரு மனைவிகளுக்குச் சொன்ன கீழ்ப்படிதலை எடுத்துக்காட்டுகிறவர்கள், அடுத்த சில வரிகளில் கணவனுக்குச் சொன்னதையும் வாசிக்கட்டும்: மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் அவன் ஜெபத்துக்கே தடை வரும் (1 பேதுரு 3:7).

சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அதைப் பிடித்துத் திருப்பி எறியவில்லை; அங்கேயே நின்று அடுத்த ஈட்டிக்குக் காத்திருக்கவும் இல்லை. விலகி, அந்த இரவே தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10). பிற்பாடு சவுலைக் கொல்ல இரண்டு தடவை வாய்ப்பு வந்தும் விட்டுவிட்டார். சவுல் மனம் கசந்து, "திரும்பி வா" என்று அழைத்தபோதும் (1 சாமுவேல் 26:21), தாவீது அரண்மனைக்குத் திரும்பவில்லை. மன்னித்தவர் கூடவே போய் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி எனக்குத் தெரியாது.

நடைமுறைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு பெறலாம்; வீட்டில் தங்கும் உரிமையும் கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். அடி விழும் நேரத்தில் 112. மூப்பர்கள் சமரசம் பேசப் புறப்படுமுன், அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இன்றிரவு எங்கே படுப்பார்கள் என்று கேட்க வேண்டும். சமரசம் அதற்குப் பிறகுதான்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு போலீசில் புகார் கொடுத்தால் அது மாய்மாலம் இல்லையா?

ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய இரண்டு சிறு பையன்களும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிபடாவில் தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். வழக்கு அதன்பாட்டில் நடந்தது, தண்டனையும் விதிக்கப்பட்டு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. மன்னிப்பு அவர் கையில் இருந்தது. தண்டனை அரசின் கையில் இருந்தது. பழிவாங்காதிருங்கள் என்று 12ஆம் அதிகாரத்தின் முடிவில் எழுதிய பவுல், அடுத்த சில வரிகளிலேயே குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரியைப் பற்றி எழுதுகிறார் (ரோமர் 12:19, 13:4).

விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடக் கூடாது என்ற 1 கொரிந்தியர் 6ஐ இங்கே கொண்டுவருவார்கள். அங்கே பேசப்படுவது விசுவாசிகளுக்குள் விட்டுக்கொடுத்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய இம்மைக்குரிய வழக்குகள். பவுலே, தன்னைக் கொல்ல நாற்பதுக்கும் மேற்பட்டோர் சபதம் போட்டதைச் சகோதரியின் மகன் வழியாக அறிந்தபோது, அந்தப் பையனைச் சேனாபதியிடம் அனுப்பி, இருநூறு சேவகரும் எழுபது குதிரைவீரரும் இருநூறு ஈட்டிக்காரரும் காவலாய் வர இரவில் பயணப்பட்டார் (அப்போஸ்தலர் 23). போலீஸ் பந்தோபஸ்து கேட்பது அவிசுவாசம் என்கிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டலாம்.

ஜெபக் கூட்டத்துக்குள்ளேயோ நம்ம தெருவுக்குள்ளேயோ கும்பலாகப் புகுந்தால் அப்போது என்ன செய்வது?

நெகேமியா காலத்தில் ஜனங்கள் ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). கதவைத் தாழிடுவது, பிள்ளைகளையும் வயதானவர்களையும் பின்வாசல் வழியாக முதலில் அனுப்புவது, 112க்கு அழைப்பது, நடப்பதைப் போனில் பதிவு செய்வது, அடிக்கப்படுகிறவரின் குறுக்கே போய் நிற்பது ஆகிய எதையும் எந்தச் சபையின் போதனையும் தடுக்கவில்லை. திருப்பி அடிப்பதைப் பற்றி விசுவாசத்தோடு உலக அனுபவமும் பேசும்: நம் ஆட்களில் ஒருவர் கட்டையைத் தூக்கினாலும் அது "இரு தரப்பு மோதல்" ஆகிவிடும், நம்மேலும் எதிர்வழக்கு (கவுண்டர் கேஸ்) பதிவாகும், பிறகு சமாதானமாகப் போய்விடுங்கள் என்று நெருக்குவார்கள்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனியிலும், அண்ணா நகர், கொண்டம்பட்டியிலும் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அப்படி இழந்தவர்களிடம் போய் மறு கன்னத்தைப் பிரசங்கிக்கும் உரிமை, வீடு எரியாத ஒருவருக்கும் இல்லை. அவர்கள் பக்கம் நின்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் நிவாரணமும் கிடைக்க அலைவது சபையின் வேலை.

காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து கரண்ட் வேலி போடுகிறோம், சிலரிடம் நாட்டுத் துப்பாக்கியும் இருக்கிறது. அதுவும் தற்காப்புத்தானே?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் போனால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். ராகியும் நிலக்கடலையும் ஒரே இரவில் அழிவதைப் பார்த்தவரின் வேதனை நியாயமானது. ஆனால் மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்த வேலி, வருவது யார் என்று பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரும் அதே கம்பியைத்தான் மிதிப்பார். குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21:33, 34 சொல்கிறது. உரிமம் இல்லாத துப்பாக்கி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதை ஒப்படைத்துவிடுவதே நல்லது. வீட்டுச் சண்டையில் கைக்கு எட்டும் பொருளாக அது இருப்பது இன்னும் பெரிய ஆபத்து.

ஹிட்லரைக் கொல்லச் சதி செய்தவர்களோடு ஒரு போதகரே இருந்தாராம். அப்படியானால் அக்கிரமக்காரனை ஒழிக்க ஆயுதம் எடுக்கலாம்தானே?

டீட்ரிக் போன்ஹோபர் லுத்தரன் போதகர், அமைதிவாதத்தை நேசித்தவர். யூதர்கள் அழிக்கப்படுவதைக் கண்டு சதிகாரர்களோடு சேர்ந்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் அதை நியாயப்படுத்தி எழுதவில்லை. பிறர் பொருட்டுக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தேவனுடைய இரக்கத்தின்மேல் விழுவதாகவே அவர் அதைக் கண்டார். அவரைக் காட்டி ஆயுதம் எடுக்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

தருமபுரியில் 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் நக்சல்பாரி இயக்கம் வேரூன்றியிருந்ததால், மூத்தவர்களிடம் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வரும். லத்தீன் அமெரிக்காவில் இரண்டு விடைகளும் தரப்பட்டிருக்கின்றன. கொலம்பியாவில் கமிலோ டோரஸ் என்ற குரு துப்பாக்கி ஏந்தி 1966இல் போரில் மாண்டார். எல் சால்வதோரில் பேராயர் ரொமேரோ, மக்களைச் சுடும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று படைவீரர்களிடம் பிரசங்கித்த மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றுகையில் சுடப்பட்டார். சர்வாதிகாரம் அதிகம் பயந்தது ரொமேரோவுக்கே என்பது என் எண்ணம்.

உங்கள் கண் முன்னாலேயே உங்கள் பிள்ளையை ஒருவன் வெட்ட வந்தால் என்ன செய்வீர்கள்?

அமைதிவாதியின் பதிலை முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் கைகட்டி நிற்கமாட்டார்; குறுக்கே பாய்வார், பிடித்து அமுக்குவார், வெட்டைத் தானே வாங்குவார். கொல்வது என்ற ஒன்றை மட்டும் செய்யமாட்டார். அக்குவினாவின் விடை வேறு: காப்பது என் நோக்கமாக இருந்து, தேவையான பலத்தை மட்டும் பயன்படுத்தி, அதன் விளைவாக எதிரியின் உயிர் போனால் அது கொலைப்பாவம் ஆகாது.

நான் அக்குவினா பக்கம் சாய்கிறேன். காரணம் முன்பே சொன்னதுதான்: என் உயிரை விட்டுக்கொடுக்க எனக்கு அனுமதி உண்டு, என் பிள்ளையின் உயிரை விட்டுக்கொடுக்க இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நிலை வாழ்நாளில் வருவதில்லை. வரப்புத் தகராறும் பங்காளிச் சண்டையும் பஸ் நிலைய வாக்குவாதமும்தான் வருகின்றன, பிள்ளையைக் காக்க அனுமதிக்கப்பட்ட கை அங்கேதான் ஓங்கப்படுகிறது.

தற்காப்பில் ஒருவரைக் கொல்ல நேர்ந்துவிட்டது, கோர்ட்டும் விடுதலை செய்துவிட்டது. அவர் திருவிருந்தில் பங்குபெறலாமா?

4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு, போரில் கொன்றவர்களைக் கொலைகாரராகத் தம் முன்னோர் எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அவர்கள் கைகள் சுத்தமில்லாதபடியால் மூன்று ஆண்டுகள் திருவிருந்தை மட்டும் தவிர்ப்பது நல்லது என்று ஆலோசனை சொன்னார். தாவீதும் திரளான இரத்தத்தைச் சிந்தியதால் தேவாலயம் கட்ட அனுமதிக்கப்படவில்லை (1 நாளாகமம் 22:8). குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தபின்னும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்று பழைய சபை உணர்ந்திருந்தது. மூன்று ஆண்டு விலக்கை இன்று நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர் தானாகச் சில காலம் விலகியிருக்க விரும்பினால், அதை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவருக்கு மாலை போடுவதும், கர்த்தர் சத்துருவைக் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று சாட்சி சொல்ல மேடையேற்றுவதும் கூடவே கூடாது. ஆயர் அவரைத் தனியாகச் சந்தித்து முழுவதையும் கேட்கட்டும், விரும்பும் நாளில் பந்திக்கு அழைக்கட்டும். இறந்தவருக்கும் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுக்குச் சபையிலிருந்து யார் போவது என்பதையும் மூப்பர் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.